பால் மறக்க ஒரு மலை

என் மகளுக்குப் பால் மறக்கடிக்க என்னை வீட்டை விட்டு அனுப்பினார்கள். இரண்டு வயதை நெருங்கும் பிள்ளையை இன்னும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று பழனி அடிவாரத்தில் எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை எனக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பை என் மாமியார் தவறாமல் செய்துவந்தார். "அவுக கேட்டாக, இவுக கேட்டாக" என்பார். யார் அவர்கள் என்று கேட்டால், "ஊரே கேக்குது" என்பார்.

நான் கைபேசியில் தேடிப் பார்த்தேன். ஓர் இணையதளம் இரண்டு வயதுவரை கொடுக்கலாம் என்றது. இன்னொன்று குழந்தை விரும்பும்வரை என்றது. மூன்றாவது, நான் ஏற்கெனவே பிள்ளையின் பற்களைக் கெடுத்துவிட்டேன் என்றது. நான் படித்தவள். அதனால் மூன்றையும் நம்பினேன்.

முதலில் வேப்பிலையை அரைத்துத் தடவினோம். 'தடவினோம்' என்றுதான் எழுத வேண்டும். மார்பு என்னுடையது, முடிவு குடும்பத்தினுடையது. மகள் ஒரு வாய் வைத்தாள், முகத்தைச் சுளித்தாள், என் துப்பட்டாவால் நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடர்ந்தாள். அடுத்து, பிளாஸ்திரி ஒட்டி "அம்மாவுக்குப் புண்ணு" என்று சொல்லச் சொன்னார்கள். அவள் உண்மையான கருணையோடு பிளாஸ்திரி மேல் ஊதினாள். பிறகு மறுபக்கத்துக்கு மாறினாள்.

அதற்குப் பிறகுதான் நாடு கடத்தும் யோசனை வந்தது. "தாயி கண்ணுல படாம மூணு நாளு இருந்தா தன்னால மறந்துரும்" என்றார் மாமியார். "எம் பிள்ளைகளுக்கெல்லாம் அப்பிடித்தான் மறக்கடிச்சேன். எங்கிட்டாச்சும் போயிட்டு வா." என் கணவருக்கு அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. டப்பாக்களை அடுக்கியபடியே, "அம்மா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். இந்த வாக்கியம் தவறாகப் போய் அவர் இதுவரை பார்த்ததில்லை. பார்க்கும்படியான இடத்தில் அவர் நிற்பதும் இல்லை.

எங்கே போவது? என் அம்மா வீடு இரண்டு தெரு தள்ளி. பிள்ளை அழுதால் அங்கே கேட்கும், நான் ஓடி வந்துவிடுவேன் என்று அந்த வாய்ப்பு உடனே நிராகரிக்கப்பட்டது. மிச்சம் இருந்தது கொடைக்கானல். என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் அங்கே ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லீவு நாளெல்லாம் மலையில் நடக்கிறாள். அவளிடம் மழைக்கோட்டு மட்டும் மூன்று இருக்கின்றன. "வாடி வா, உன்னைய நல்லா நடக்க வெச்சு எல்லாத்தையும் மறக்கடிக்கிறேன்" என்றாள்.

பஸ் ஏறியதிலிருந்து கணவருக்குக் குரல் செய்தியாக அனுப்பிக்கொண்டே இருந்தேன். இட்லியை எப்படிப் பிய்த்துக் கொடுப்பது, தூங்கும்போது எந்தக் காலைத் தட்டுவது, எந்தப் பாட்டு வேண்டாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் ஒரே ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பினார்.

தோழி வீட்டுக்குப் போன அன்று இரவே மார்பு கல்லாகிவிட்டது. மறக்க வேண்டியவள் அங்கே இருக்க, சுரப்பவளுக்குத் தகவல் வந்து சேரவில்லை. மறுபடி இணையத்தைக் கேட்டேன். முட்டைக்கோஸ் இலையைக் குளிர வைத்து உள்ளே வைத்துக்கொள்ளச் சொன்னது. தோழி சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. "கொடைக்கானல்ல வேற எதுவும் கெடைக்காட்டியும் கோசு கெடைக்கும்டி" என்று ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மறுநாள் விடியும் முன்னே நாங்கள் மலையிறங்கக் கிளம்பியபோது நான் சுடிதாருக்குள் இரண்டு முட்டைக்கோஸ் இலைகளோடுதான் இருந்தேன்.

போகும் இடம் வட்டக்கானலுக்குக் கீழே ஒரு கிராமம். ரோடு கிடையாது. காட்டுப் பாதையில் மூன்று மணி நேரம் இறங்க வேண்டும், பிறகு அதே வழியில் ஏற வேண்டும். "ரெண்டு தடவ போயிருக்கேன், கண்ண மூடிட்டுப் போவேன்" என்றாள் தோழி. கண்ணைத் திறந்துகொண்டு போனால் போதும் என்றேன்.

என் கைபேசியில் ஆரஞ்சு எச்சரிக்கை வந்திருந்தது. அவளிடம் காட்டினேன்.

"அது தினம் போடுவாங்கடி. போடலைன்னா வேலை போயிரும்ல."

"இடி மின்னலோடன்னு போட்டிருக்கு."

"இடி இல்லாம மின்னல் மட்டும் வருமா? சயின்ஸ் டீச்சர்கிட்டயே சொல்றா பாரு."

பாதை மரவேர்களின் மேல் படிப்படியாக இறங்கியது. ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்க்கத்தான் ஊரெல்லாம் கார் பிடித்து வருகிறது. நான் பார்க்கவில்லை. அடுத்த காலை எங்கே வைப்பது என்பதையும், வழுக்கி விழுந்தால் வீட்டில் என்ன பேசுவார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டு போனேன். மாமியார் அழுதுகொண்டே "அப்பவே வேணாம்னேன்" என்பார். போகச் சொன்னதே அவர்தான் என்பதை எடுத்துச் சொல்ல நான் இருக்க மாட்டேன். நான் செத்தால் பால் உறுதியாக மறந்துவிடும் என்பதும் தோன்றியது. அந்த வகையில் திட்டத்தில் குறையில்லை.

"என்னடி முணுமுணுக்கிற?"

"ஒண்ணுமில்ல. அவ இந்நேரம் எந்திரிச்சிருப்பா."

"மரத்தப் பாரு, அந்தப் பாசியப் பாரு. ப்ரீத் பண்ணு."

மூச்சு விடுவதை யாராவது நினைவூட்டினால்தான் எனக்கு மூச்சு முட்டும்.

மழை மேலிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே அது கீழிருந்து ஏறி வந்தது. பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளையாக ஒன்று எழுந்து, எதிரில் இருந்த மரத்தை எடுத்துக்கொண்டது, பிறகு அதற்கு முன்னால் இருந்த மரத்தை, பிறகு தோழியின் பையை. காற்று அடித்ததில் அவளுடைய விலை கூடிய மழைக்கோட்டு தலைக்கு மேலே போய், முகத்தைச் சுற்றிக்கொண்டு, உள்ளிருந்து "ஒண்ணும் பயமில்ல, ஒண்ணும் பயமில்ல" என்று குரல் மட்டும் வந்தது. நான் அவளை அவிழ்த்துவிட்டேன். அப்போதுதான் முதல் இடி விழுந்தது. காது அடைத்தது. சத்தம் மலையைச் சுற்றிப் போய்விட்டுப் பின்பக்கமாக ஒரு தடவை வந்தது.

"அந்தக் குச்சியக் கீழ போடுடி" என்றேன். மலையேறும் குச்சி என்று மடக்கிப் பிரிக்கும் ஒன்றை அவள் வைத்திருந்தாள்.

"இது இரும்பு இல்ல, அலுமினியம்."

"அலுமினியத்துல கரண்டு பாயாதா?"

அறிவியல் ஆசிரியை ஒரு நொடி நின்று யோசித்தாள். பிறகு குச்சியைப் பள்ளத்தில் வீசி எறிந்தாள். அதற்குப் பிறகு ஊர் வரும்வரை அவள் எனக்கு எதையும் விளக்கவில்லை. அந்த இடியால் நேர்ந்த ஒரே நன்மை அது.

திரும்பிவிடலாமா என்று நான் நினைக்காமல் இல்லை. ஏறுவது நல்லதா இறங்குவது நல்லதா என்று மாற்றி மாற்றி யோசித்ததில் பாதி வழி இறங்கிவிட்டிருந்தோம். எனக்கு முடிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் அமையும்.

அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போட்டு நடக்க மாட்டார்கள். வீடுகளைவிடக் கோயில்கள் அதிகம், அதனால் ஊர் முழுவதுமே சாமி இடம் என்று கணக்கு. ஊர் எல்லையில் ஒரு கல் நட்டிருக்கிறது. அங்கே கழற்ற வேண்டும். வருகிறவர்கள் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்குள் வெறுங்காலோடு போவார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நாங்கள் இருவரும் பழனியில் பிறந்து வளர்ந்தவர்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சாமி இருக்கும் இடத்துக்குப் போகிறவனைப் பார்த்தால் வெளியூர்க்காரன் என்று சிரிக்கும் ஊர் எங்களுடையது. அடிவாரத்தில் கழற்றிப் போட்டுவிட்டு மேலே போவோம், திரும்பி வந்து எடுத்துக்கொள்வோம். எத்தனை வருடமாகச் செய்கிறோம். தோழி முன்பு வந்த இரண்டு தடவையும் இங்கேயும் அப்படியேதான் செய்திருக்கிறாள். அன்று காலையிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத நாங்கள் இந்த ஒரு விஷயத்தில் பேசாமலே ஒத்துப்போனோம். பாறை இடுக்கில் மழை படாத இடமாகப் பார்த்து, அவளுடைய ஷூவையும் என்னுடைய செருப்பையும் ஜோடியாக ஒழுங்காக வைத்தோம். அவள் ஷூவுக்குள் சாக்ஸையும் சுருட்டி வைத்தாள்.

கல்லுக்கும் ஊருக்கும் நடுவில் ஓர் ஓடை இருந்தது. கணுக்கால் அளவுத் தண்ணீர். பேசிக்கொண்டே தாண்டினோம்.

ஊருக்குள் நுழைந்ததும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. முதல் வீட்டின் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். அந்த வீட்டுக்கார அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க தாயி, நனைஞ்ச கோழியாட்டம் நிக்கிறீக" என்று அடுப்புப் பக்கம் உட்கார வைத்து வரக்காப்பி கொடுத்தார். மூச்சுவிட நேரம் கொடுத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"கோயிலுக்கு வந்தீகளா?"

"இல்லைங்க. சும்மா, நடந்து பாக்க."

"நடந்து என்னத்தப் பாக்க?"

"நேச்சர்ங்க" என்றாள் தோழி.

அம்மா அதைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தார். "ரோடு போடுறதப் பத்திப் பேச வந்த ஆபீசருகளோன்னு பாத்தேன்" என்றார், ஏமாற்றத்தை மறைக்காமல். "எங்களுக்கு ரோடு இல்ல, நடக்கோம். ஒங்களுக்கு என்ன வந்துச்சு?"

அந்த நேரம் பார்த்து நான் துப்பட்டாவைப் பிழிவதற்காகக் குனிந்தேன், ஒரு முட்டைக்கோஸ் இலை நழுவித் தரையில் விழுந்தது. அம்மா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொல்லி முடிக்கும் முன்னே வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தார்: "ஏய், இங்கிட்டு வா வெரசா! கொடைக்கானல்ல மாருக்குள்ள கோசு வைக்காகளாம்!" அந்த மழையிலும் மூன்று பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"புள்ளைக்கு என்ன வயசு?"

"ரெண்டு ஆகப் போகுதுங்க."

"அதுக்குள்ள எதுக்கு மறக்கடிக்கிற? எம் பய அஞ்சு வயசு வரைக்கும் குடிச்சான்" என்று வெளியே கையைக் காட்டினார். வாசலில் குதிரை முதுகிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த, மீசை வைத்த, கதவு உயரத்துக்கு இருந்த ஒருவர், மூட்டையைப் போட்டுவிட்டு மழைக்குள் நடந்து போய்விட்டார்.

ஆக, அடிவாரத்தில் நான் வெட்கம்கெட்டவள். மூன்று மணி நேரம் மலையிறங்கினால் இரக்கம்கெட்டவள். இன்னும் கொஞ்சம் நடந்தால் நான் சரியாகச் செய்கிறேன் என்று சொல்லும் ஊர் ஒன்று வரக்கூடும் என்று தோன்றியது.

மழை கொஞ்சம் விட்டதும், கைபேசிக்கு எங்கே சிக்னல் கிடைக்கும் என்று கேட்டேன். கோயிலுக்குப் பின்னால் ஒரு பாறை, அதில் ஏறிப் பெரியகுளம் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் கிடைக்கும் என்றார்கள். நின்றேன். கிடைத்தது.

"அத்தே, பாப்பா எப்பிடி இருக்கா?"

"அவளுக்கென்ன, ராசாத்தியாட்டம் இருக்கா. இட்லி தின்னுட்டு வெளையாடிக்கிட்டுக் கெடக்கா."

"என்னையக் கேட்டாளா?"

"கேக்கவே இல்ல."

"ஒரு தடவ கூடயா?"

"ஒரு தடவ கூட இல்ல தாயி. நீ நிம்மதியா இருந்துட்டு வா. வெரசா வந்து நிக்காத."

அத்தோடு சிக்னல் போய்விட்டது. நான் பெரியகுளத்தைப் பார்த்தபடியே நின்றேன்.

இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. பிள்ளை சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள், அழவில்லை. இதற்காகத்தான் வந்தேன். ஆனால் இரண்டு வருடமாக எனக்கு இருந்த ஒரே வேலை, வேறு யாராலும் செய்ய முடியாது என்று எல்லோரும் சொல்லித் திட்டிக்கொண்டிருந்த வேலை, ஒன்றரை நாளில் இரண்டு இட்லியால் ஆகிவிட்டது. பாறையிலிருந்து இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் வீட்டுக்குப் போகப் போகிறேன். இன்றைக்கே, அவள் தூங்குவதற்குள். தூங்கப் போகும் நேரத்துப் பாலைத்தான் எந்தப் பிள்ளையும் கடைசியில் விடும். அந்த நேரத்திலாவது கேட்பாள்.

ஓடைக்குப் போய்ப் பார்த்தோம். ஓடை என்று இப்போது சொல்ல முடியாது. செம்மண் நிறத்தில் இடுப்பளவு வெள்ளம், கிளைகளை உருட்டிக்கொண்டு போனது. அக்கரையில், பாறை இடுக்கில், எங்கள் இரண்டு ஜோடியும் ஒரு சொட்டு நனையாமல் எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.

"என் ஷூ!" என்றாள் தோழி, என் மகளைக் கூப்பிடும்போதுகூட எனக்கு வராத ஒரு குரலில்.

கூட வந்த அம்மாவுக்கு நாங்கள் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம் என்பது புரியவே நேரமானது. புரிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார். "கையில கொண்டாரக் கூடாதா? பழனிக்காரவுகன்னா இப்பிடியா?" பொழுது சாய்வதற்குள் ஓடை வடிந்துவிடும், அதுவரை இருந்து சாப்பிட்டுவிட்டு, முடிந்தால் தங்கிவிட்டே போகலாம் என்றார். மிக நியாயமான யோசனை. கீழே பெரியகுளம் பக்கமாக இறங்கும் பாதை ஒன்று உண்டா என்று கேட்டேன். உண்டு, அதில் ஓடை இல்லை, ஆனால் வெறுங்காலோடு மழையில் யாரும் போக மாட்டார்கள் என்றார்.

"நான் போறேன்" என்றேன்.

தோழி என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். "புள்ள அழுதாளா?"

"இல்ல."

"அழுதா போகலாம். அழலைன்னா எதுக்குடி போற?"

"நீ ஓடை வடிஞ்சதும் ஏறிப் போ. நான் இறங்கிக்கிறேன்" என்றேன்.

"ஒத்தையாவா? வழியில நீ உருண்டா ஒம் மாமியாருக்கு யாரு பதில் சொல்றது?" என்று அக்கரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கினாள். அந்த அம்மா ஒரு பழைய ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து, கீழ் எல்லை தாண்டியதும் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். ஒரு ஜோடிதான் இருந்தது. வார் ஊக்கால் குத்தப்பட்டிருந்தது. நீ போட்டுக்கோ, இல்லை நீதான் என்று பண்பாக மறுத்துக்கொண்டோம், கடைசியில் அவள் போட்டுக்கொண்டாள். அடுத்த திருப்பத்திலேயே வார் அறுந்தது. எனக்கு அதில் கொஞ்சம் திருப்தி இருந்தது.

பழனி மலைப் படிகளைச் சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடு ஏறியிருக்கிறேன், எனக்கென்ன என்று இருந்தேன். அந்தப் படிகளைத் தேய்த்தது லட்சக்கணக்கான கால்கள். இந்தக் கற்களை யாரும் தேய்க்கவில்லை. முதலில் அட்டைகள் ஏறின, கொஞ்சம் கீழே போனதும் முட்கள் வந்தன. மறுபடி மழை பிடித்தது. வழுக்குப் பாறை ஒன்றை இருவரும் உட்கார்ந்தபடியே நகர்ந்து கடந்தோம். தோழி, "ஷூ போடாம வர்ற பசங்கள நான் கிளாசுக்கு வெளிய நிக்க வைப்பேன்" என்றாள், மழையைப் பார்த்து. பாதி வழியில், காலையிலிருந்து இருந்த பயம் இல்லை என்பது எனக்கு உறைத்தது. உறைத்ததும் பயந்தேன்.

ஓரிடத்தில் என்னால் நடக்க முடியவில்லை. கால் காரணமில்லை. நெஞ்சு முழுவதும் கட்டிப்போய், கை அசைந்தாலே வலித்தது. ஒரு பாறைக்குப் பின்னால் போய் நின்று பாலைப் பீச்சிவிட்டேன். தோழி மழைக்கோட்டை இரண்டு கையாலும் விரித்து மறைவாகப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றாள்.

"யாரும் பாக்கலடி. ஒரு கொரங்கு மட்டும்தான்."

"அத வெரட்டு."

"அது புள்ளக் கொரங்கு வெச்சிருக்கு. அதுக்குத் தெரியாததா?"

பால் மழையோடு சேர்ந்து பாறையில் ஓடியது. எங்கள் வீட்டில் பார்த்தால், கால் படும் இடத்தில் விடக் கூடாது என்று ஒரு சொற்பொழிவே நடந்திருக்கும். மறுபக்கத்தையும் முடிக்கும்வரை அவள் கையை இறக்கவில்லை. அவள் முழங்கையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது.

கீழே வந்து சேர்ந்தபோது அங்கே வெயில். மேலே எதுவுமே நடக்காததுபோல் மாந்தோப்பு காய்ந்துகொண்டிருந்தது. பெரியகுளத்தில் பஸ் பிடித்து வத்தலக்குண்டுக்கு வந்தோம். அவள் கொடைக்கானல் பஸ்ஸுக்கு, நான் பழனிப் பக்கம். "வீட்டுக்குப் போனதும் மெசேஜ் போடு" என்றாள். பிறகு, "வேணாம், போடாத. நான் தூங்கணும்" என்று நொண்டிக்கொண்டு போனாள்.

ஆயக்குடியில் கொய்யாக்கூடையோடு ஒரு அம்மா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கால்களைப் பார்த்தார். சேறு, ரத்தம், வீக்கம். முகம் மாறிவிட்டது.

"பாதயாத்திரையா தாயி?"

நான் இல்லை என்று சொல்வதற்குள், "எங்கருந்து நடந்து வாறீக?" என்றார்.

"கொடைக்கானல்லருந்து" என்றேன். பொய் இல்லை.

"கொடைக்கானல்லருந்தா!" பின் சீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். "யாருக்கு வேண்டுதல்?"

"புள்ளைக்கு" என்றேன். அதுவும் பொய் இல்லை. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பெரிய கொய்யாவாகப் பார்த்து இரண்டை என் மடியில் வைத்தார். காலையிலிருந்து ஒரு வரக்காப்பி மட்டும் குடித்திருந்தேன். முருகன் பேரைச் சொல்லி இரண்டையும் தின்றேன்.

பழனியில் இறங்கி அடிவாரத்துக்குள் நடக்க நடக்க, நான் பிறந்த ஊர் என்னை வெளியூர்க்காரியாக வரவேற்றது. ஒரு குதிரை வண்டிக்காரர் என் பின்னாலேயே வந்தார். ஒரு பெண் கையைப் பிடித்து மோர் கொடுத்தாள். எங்கள் கடைக்கு நான்கு கடை தள்ளி நிற்கும் ஆள், "ரூம் இருக்கு, மொட்டை இருக்கு, காது குத்து இருக்கு, வாங்கக்கா" என்று பாதி வழி மறித்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார். "ஐயையோ, அண்ணியா!" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "மொட்டைன்னு சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

எங்கள் வீடு மாடியில். படியேறி வந்தபோது இரும்புக் கேட்டுக்குப் பின்னால் மாமியார் நின்றுகொண்டிருந்தார். விரல் உதட்டில் இருந்தது.

"இப்பத்தான் கண்ணசந்தா. உள்ள வராத. ஒன் மணம் பட்டா எந்திரிச்சிருவா."

அவர் குரல் கட்டிப் போயிருந்தது. கொண்டை அவிழ்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. கேட்டைப் பிடித்திருந்த முன்கையில் சின்னச் சின்னப் பற்கள் பதிந்த ஒரு வட்டம், அதற்கு மேலே இன்னொன்று.

"கேக்கவே இல்லைன்னீங்களே அத்தே?"

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "ஒன்னைய எங்க கேட்டா? பாலத்தான் கேட்டா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். "நேத்துலருந்து அதத்தான் கேட்டா. அத ஒங்கிட்டச் சொன்னா நீ இறங்கி ஓடி வந்துருவேன்னுதான் சொல்லல."

சொல்லாததால்தான் இறங்கி ஓடி வந்தேன் என்பதை நான் சொல்லவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு போயிருக்கலாம். என் வீடு, என் பிள்ளை. போனால் இரண்டு நாள் பாடும் வீணாகும், அவர் கையிலிருந்த பல்தடமும் சேர்த்து. போகாவிட்டால் எதற்கு வந்தேன்? இதை யோசித்துக்கொண்டே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் கணவர் ஒரு தட்டில் தோசையும் சட்னியும் எடுத்துக்கொண்டு வந்து, ஓசைப்படாமல் என் பக்கத்தில் வைத்தார். காலைப் பார்த்தார்.

"செருப்பு எங்க?"

"மலையில."

"ரெண்டுமா?"

நான் பதில் சொல்லும் முன் உள்ளே சிணுங்கல் கேட்டது. மாமியார் ஓடினார். நானும் கணவரும் கல்லாகிவிட்டோம். சிணுங்கல் அழுகையானது. "பாச்சி" என்றாள் மகள். பாலுக்கு அவள் வைத்திருக்கும் பெயர். "பாச்சி, பாச்சி." மாமியார் கரகரத்த குரலில், "பாச்சி இல்ல ராசாத்தி, பாச்சி கொடைக்கானல் போயிருச்சு" என்று தட்டிக்கொண்டே இருந்தார். எனக்கும் மகளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது. அவள் 'அம்மா' என்று சொல்கிறாளா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். காதைக் கூர்மையாக்கிக்கொண்டு, வெட்கமில்லாமல், கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. அழுகை விம்மலாயிற்று. விம்மல் நின்று நின்று வந்தது. கடைசியாக, யாரோடும் சண்டை இல்லாத ஒரு குரலில், ஒரு தடவை "பாச்சி" என்றாள். பிறகு பெருமூச்சு. பிறகு மாமியாரின் வளையல் தட்டும் சத்தம் மட்டும். அதுவும் நின்றது.

அவள் தானாகத் தூங்கிவிட்டாள். நான் அறிய முதல் தடவையாக, வாயில் எதுவும் இல்லாமல், என்னைக் கேட்காமல். இனி அவளுக்கு முடியும். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குப் பால் இறங்கி, காய்ந்திருந்த சுடிதார் மறுபடி நனைந்தது. துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டேன்.

கணவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, மெல்ல, "ஆயிருச்சு" என்றார். "அம்மா சொன்னாச் சரியாத்தான்..." என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக அந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டார். தட்டைப் பார்த்தார். நான் எப்போது சாப்பிட்டேன் என்று தெரியவில்லை, அது காலியாக இருந்தது.

"இன்னொரு தோசை?"

"ரெண்டு" என்றேன்.